கோரை வரிசை

கோரைக்கும் அருகம்புல்லுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். கோரையின் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் மூன்று பட்டையாகத் தட்டுப்படும். அருகு அப்படி இருக்காது, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்துகொண்டே போகும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. அம்மாவின் வேலையே அதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கோல்ஃப் மைதானத்தில் அருகை விட்டுவிட்டுக் கோரையை மட்டும் கிழங்கோடு பிடுங்க வேண்டும்.

பிள்ளையாருக்குச் சார்த்துகிற புல்லைத் தரையோடு தரையாக வெட்டி, பாய் விரித்த மாதிரி வளர்த்து, அதன்மேல் பந்து அடிக்கிறார்கள் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. மாடே மேயாத புல்லுக்கு எதற்கு இத்தனை ஆள் என்று கேட்டேன்.

“மாடு மேஞ்சா யாருடி மருமவளே கூலி கொடுப்பான்? பந்து மேயுது, கொடுக்கிறான்” என்றாள் அத்தை. அத்தை என் நைனாவின் தங்கை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அத்தைதான்.

அப்போது நாங்கள் அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்தோம். நைனா கோடம்பாக்கத்தில் லைட்மேன். படப்பிடிப்பு இருந்தால் பெரிய பெரிய விளக்குகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரச்சாரத்தின்மேல் ஏறி நிற்பார். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து எனக்குப் படத்தின் கதையைச் சொல்வார். அந்த வருடம் அவர் அதிகமும் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தினக்கூலியாக இருந்தாள். கோரை பிடுங்குகிறவர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அம்மாவின் பெயரும் அதில் இருக்கிறது என்று மேஸ்திரியே சொல்லியிருந்தார்.

என்னை அங்கே அழைத்துப்போவதற்கு வழியே இல்லை. முன்பு ஒரு பெண் தன் கைக்குழந்தையை மரத்தடியில் தூளி கட்டிப் போட்டிருந்தபோது பந்து ஒன்று தூளிக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது. அன்றைக்கே ஆபீசில் சட்டம் போட்டுவிட்டார்கள். யாராவது குழந்தையைக் கொண்டுவந்தால் அவளுக்கும் வேலை கிடையாது, அவளைச் சேர்த்துவிட்டவளுக்கும் கிடையாது.

ஆனால் அந்த வாரம் தேர்தலுக்காக எங்கள் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமாக என்னைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துக் குடிசைக்காரி வளைகாப்புக்குப் போய்விட்டாள். அதிசயமாக நைனாவுக்கு இரண்டு நாள் வேலை வந்திருந்தது. முந்தின மாதம்தான் எங்கள் குடிசை வரிசையில் ஒரு பிள்ளையை ஆற்றுச் சேறு உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தப் பிள்ளையை வெளியே எடுத்தபோது அம்மா அங்கே நின்றிருந்தாள். அதனால் என்னைத் தனியாக விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் மைதானத்தின் வாசல். அங்கே ஒரு பெரிய பலகை. நான் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகி, கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த காலம். ‘பொதுமக்களுக்கான கோல்ஃப் மைதானம். அனைவரும் வருக’ என்று அதையும் படித்தேன்.

“நம்ம பொதுமக்களாம்மா?”

“வாய மூடிக்கினு வா” என்றாள் அம்மா.

வாசல் வழியாகப் போகவில்லை. மதில் சுவரை ஒட்டிக் கொஞ்சதூரம் நடந்தால் முள்கம்பி தளர்ந்த ஓர் இடம் இருந்தது. அத்தை கம்பியைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ள, அம்மா என்னை உள்ளே தள்ளினாள்.

உள்ளே போய் நின்று பார்த்தேன். அவ்வளவு பச்சையை நான் அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மேடும் பள்ளமுமாகப் புல் போய்க்கொண்டே இருந்தது. நடுநடுவே தூங்குமூஞ்சி மரங்கள். குடிசை கிடையாது, கடை கிடையாது, ஒரு காகிதம்கூடக் கீழே கிடக்கவில்லை. எங்கள் தெரு முழுவதையும் அப்படியே தூக்கி ஒரு மூலையில் வைத்தாலும் மீதி இடம் அப்படியே கிடக்கும் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கோயில் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

குளத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ரூம் இருந்தது. ஓட்டுக்கூரை, தகரக் கதவு. அம்மா என்னை அதற்குள் சாக்கை விரித்து உட்காரவைத்தாள். இட்லி டப்பாவையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேராக விரலை நீட்டிச் சொன்னாள். வெளியே வரக்கூடாது. சத்தம் போடக்கூடாது. பாம்பே வந்தாலும் கத்தக்கூடாது.

“யாராவது பாத்து கேட்டா?” என்றேன்.

“நீ வெளிய வந்தாதான கேப்பாங்க.”

“கேட்டா ஆத்துல அடிச்சிக்கினு வந்த மீனுன்னு சொல்லு” என்றாள் அத்தை. அம்மா சிரிக்கவில்லை.

அவர்கள் வேலை செய்கிற முறையைத் தகரக் கதவின் சந்து வழியாகத்தான் முதலில் பார்த்தேன். எட்டுப் பெண்கள். சேலைக்குமேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் ஓலைத் தொப்பி. கொடி நட்ட வட்டமான புல்வெளியில் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து, கையில் சின்னக் களைக்கொத்தியோடு, ஒரே நேரத்தில் ஓரடி நகர்வார்கள். எல்லாருடைய தலையும் கவிழ்ந்தே இருக்கும். ஒருத்தி மட்டும் வரிசைக்கு எதிராகத் திரும்பி, பந்து அடிக்கிற மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் கோரை பிடுங்க வேண்டாம். பந்து வந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பார்க்கிற முறை என்று பெயர். ஆளுக்கொரு நாள் வரும். கையும் இடுப்பும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் என்பதால் அந்த நாளுக்காக எல்லோரும் காத்திருப்பார்கள்.

அடிக்கிறவர்களும் சும்மா அடித்துவிடக் கூடாது. பந்து பெண்கள் இருக்கிற பக்கம் திரும்பினால் அடித்தவரோ, அவருக்குப் பை தூக்குகிறவரோ உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டதும் பெண்கள் எழுந்து ஓடமாட்டார்கள். அப்படியே கையால் தலையை மூடி, முகத்தை முட்டிக்குள் புதைத்துக்கொள்வார்கள். எங்கேயாவது பட்டாலும் முதுகோடு போகும்.

அன்று பார்க்கிற முறை அத்தைக்கு.

வெயில் ஏற ஏற மோட்டார் ரூம் கொதித்தது. இட்லியைத் தின்றுவிட்டேன். சுவரில் ஊர்ந்த எறும்புகளையெல்லாம் எண்ணிவிட்டேன். அப்போது டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே பத்தடி தள்ளி, எலுமிச்சம்பழ அளவில் வெள்ளையாக ஒரு பந்து வந்து உருண்டு நின்றது. அதன் உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகுழியாக இருந்தது. அதைத் தேடி யாரும் வரவில்லை. நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

பந்தைக் கையில் எடுத்து நிமிர்ந்தபோது அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். அதே நேரத்தில் குளத்தின் அந்தக் கரையில் மேஸ்திரி சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அத்தை அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். உள்ளே போ, உள்ளே போ என்று கையை வீசினாள். நான் நகராமல் நிற்கவே, ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்து அழுத்திக் காட்டினாள்.

அப்போதுதான் அது வந்தது. அத்தையின் முதுகுக்குப் பின்னால், வெகுதூரத்தில், மேட்டில் ஒருவர் கம்பை ஓங்கி அடித்ததை நான் பார்த்தேன். சத்தம் பிறகுதான் கேட்டது. பந்து மேலே மேலே போய், ஒரு மரத்தின் உச்சியைத் தாண்டி, திரும்பி இறங்கியது. அது வேகமாக வந்ததாக எல்லோரும் பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அது மெதுவாகத்தான் வந்தது. கூப்பிட நேரம் இருந்தது. அம்மா என்று ஒருமுறை அல்ல, இரண்டு முறை கூப்பிடலாம். மேட்டில் நின்ற இருவரும், அடித்தவரும் பை தூக்கி வந்தவரும், வாயைத் திறக்கவில்லை. கையை நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டு பந்து எங்கே போகிறது என்று பார்த்தார்கள்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அத்தையின் விரல் இன்னும் உதட்டிலேயே இருந்தது. நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

வரிசையில் எல்லாத் தலையும் கவிழ்ந்திருந்தது. அத்தை யாருக்குக் கை காட்டுகிறாள் என்று பார்க்க அம்மா மட்டும் தலையை நிமிர்த்தி என் பக்கம் திரும்பினாள்.

அம்மா கத்தவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பக்கவாட்டில் சாய்ந்தாள். ஓலைத் தொப்பி தனியாக உருண்டு போனது. கண்ணைப் பொத்தியிருந்த விரல்களுக்கு நடுவிலிருந்து ரத்தம் முழங்கைவரை வழிந்து, அந்த வெட்டிய புல்லின்மேல் சொட்டியது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். அடித்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட பெரிய மனிதர். “நான் கத்தினேனே, கேக்கலையா? கத்தினேன்ல?” என்று பை தூக்கி வந்தவரிடம் கேட்டார். அவர் எங்கள் வரிசையில் நாலு குடிசை தள்ளி இருந்தவர்தான். அவர் அம்மாவைப் பார்க்காமல், “ஆமா சார். கத்துனீங்க” என்றார்.

புல் அள்ளுகிற டிராக்டரைக் கொண்டுவந்தார்கள். வாசல்வரை அதில் ஏற்றிப்போய், அங்கிருந்து அந்தப் பெரிய மனிதரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மாவைத் தூக்கி டிராக்டருக்குப் பின்னால் இருந்த தொட்டியில் உட்காரவைத்தபோது, நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “யாருது இந்தப் புள்ள? யாரு இஸ்துக்கினு வந்தது?”

பெண்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அத்தை கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அம்மாவிடமே கேட்டார். “இன்னாம்மா, உன் புள்ளையா இது?”

அம்மா கண்ணைப் பொத்திய கையை எடுக்காமல் இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்தாள். நேராக, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“தெர்ல மேஸ்திரி” என்றாள். “யார் ஊட்டுப் புள்ளையோ. ஆத்தோரமா வந்துருக்கும்.”

சொல்லிவிட்டு என் கையிலிருந்து முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

டிராக்டர் போய்விட்டது. அத்தை என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “போடி, உங்க ஊட்டுக்குப் போ. இங்கெல்லாம் இன்னா வேடிக்க?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினாள். கம்பி தளர்ந்த இடத்துக்கு வந்ததும் காதை விட்டுவிட்டு, பாலத்து ஓரமாகவே போகணும், ஆற்றுப் பக்கம் இறங்கக்கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. என்ன தப்பு செய்தேன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பாலத்தின்மேல் தனியாக நடந்து வந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது, அதாவது விளங்கியதாக நினைத்தேன்.

நைனா சொல்லும் கதைகளில் இது அடிக்கடி வரும். கதாநாயகனுக்கு ஒரு நல்ல குடும்பம் இருக்கும். வில்லன் கட்டையால் மண்டையில் ஒரு போடு போடுவான். கண் விழித்துப் பார்த்தால் கதாநாயகனுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும். பெற்ற தாய் எதிரே நின்று அழுவாள், அவன் “நீங்க யாரும்மா?” என்று கேட்பான். அது எந்தப் படம் என்று கேட்டால், எல்லாப் படமும்தான் என்பார் நைனா. அந்தக் காட்சிக்கு எந்த விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். கடைசியில் வேண்டியவர்கள் யாராவது பக்கத்தில் வந்து பழைய விஷயத்தை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால் மறந்தது திரும்ப வந்துவிடும்.

அம்மாவுக்கும் அடி தலையில்தான் பட்டிருக்கிறது. அதனால்தான் என்னை அவளுக்குத் தெரியவில்லை.

இதை நான் நைனாவிடம் சொல்லவில்லை. அவர் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்னை மறந்த மாதிரி அவரையும் அம்மா மறந்திருப்பாளோ, அதனால்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அந்தக் கண் இனித் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது.

தெரியாத இன்னும் சில விஷயங்களும் அந்த நாட்களில் நடந்திருக்கின்றன. அத்தை பல வருடங்கள் கழித்துத்தான் அவற்றைச் சொன்னாள். யாரும் குரல் கொடுக்கவில்லை என்பதில் அம்மா உறுதியாக இருந்தாளாம். நைனா தன் சங்கத்துக்காரர் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். குரல் கொடுக்காமல் அடித்தது தப்புதான் என்று ஆபீஸ் ஒப்புக்கொண்டால், வைத்தியம் அவர்கள் பொறுப்பு, கண் போனதற்கு நஷ்டஈடும் நிரந்தர வேலையும் கேட்டு வாங்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். குழந்தை வந்த விஷயம் மட்டும் வெளியே வரக்கூடாது. வந்தால் சட்டத்தை மீறியது அம்மாதான் என்று ஆகிவிடும். அம்மாவுக்கும் வேலை போகும், அத்தைக்கும் போகும்.

“எங்க ரெண்டு பேர் சோறும் உன் அம்மா வாயில இருந்துச்சு” என்றாள் அத்தை. “அவ வாயி கெட்டி. அதான் தைரியமா இருந்தேன்.”

என் வாயைப் பற்றி அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் பேசாத பிள்ளை. யார் என்ன கேட்டாலும் தூணுக்குப் பின்னால் போய் நிற்பேன். என்னை எச்சரித்துவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நான்காம் நாள் நைனா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பெரிய கூடம். வரிசையாகக் கட்டில்கள். எல்லோருக்கும் கண்ணில் கட்டு. அம்மாவுக்கு நல்ல கண்ணும் அசையக்கூடாது என்று இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூக்கும் வாயும்தான் தெரிந்தன. தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எழுப்பாத. இங்கியே குந்திக்கினு இரு. மருந்து வாங்கிக்கினு வந்துட்றேன்” என்று சொல்லிவிட்டு, என் கையில் ஒரு பன்னைக் கொடுத்துவிட்டு நைனா போனார்.

நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து பன் தின்றேன். அம்மாவின் கை கட்டிலிலிருந்து கீழே தொங்கியது. நகத்துக்குள் கோரை பிடுங்கிய மண் அப்படியே இருந்தது. அந்தக் கையைத் தொடலாமா என்று நினைத்து, தொடவில்லை. யாருடைய பிள்ளையோ தொடுகிறது என்று அவள் கையை இழுத்துக்கொண்டால் என்ன செய்வது?

அப்போது மேஸ்திரி வந்தார். கூட ஆபீசிலிருந்து ஒருவர், கையில் ஃபைலோடு. நான் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

“இன்னாம்மா, எப்டி கீது?” என்றார் மேஸ்திரி.

அம்மா உடனே தலையைத் திருப்பினாள். “யாரு, மேஸ்திரியா?”

எனக்கு அழுகை வந்தது. மேஸ்திரியைக் குரலை வைத்தே தெரிகிறது, என்னைக் கண்ணால் பார்த்தும் தெரியவில்லை.

ஆபீஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் படித்தார். அம்மாவே சொல்வதுபோல அதில் எழுதியிருந்தது. பந்து வரும்போது குரல் கொடுக்கப்பட்டது. நான் தலையை மூடிக்கொள்ளவில்லை. அடிபட்டது என்னுடைய கவனக்குறைவால். இதற்காக யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன். படித்து முடித்துவிட்டு, இதில் கையெழுத்துப் போட்டால் அம்மா உடம்பு தேறியதும் பழையபடி வேலைக்கு வரலாம் என்றார்.

“யாரும் கொரல் கொடுக்கல சார்” என்றாள் அம்மா.

“அவர் கொடுத்தேன்னு சொல்றாரும்மா. பை தூக்கினவனும் சொல்றான்.”

“அவன் சோத்துக்கு அவன் சொல்றான். என் கண்ணுக்கு நான் சொல்றேன். காது நல்லாத்தான் சார் கீது எனக்கு.”

மேஸ்திரி இருமினார். ஆபீஸ்காரர் குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். “சரி. உங்க வரிசையில பாக்கறதுக்குன்னே ஒருத்தி உக்காந்திருந்தாளே, அவ ஏன் பாக்கல? அங்க ஒரு கொழந்தை நின்னுச்சாம். அதுக்குக் கை காட்டிட்டு இருந்தாளாம். யார் கொழந்தை அது?”

“எனக்குத் தெரியாது. அன்னிக்கே மேஸ்திரி கேட்டாரு, சொன்னேன்.”

“சொல்லுச்சு சார்” என்றார் மேஸ்திரி.

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஆபீஸ்காரர் தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். “சரிம்மா. நீ சொல்றதை அப்படியே போய்ச் சொல்றேன். மேல என்ன செய்யறதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும்” என்று நாற்காலியிலிருந்து எழுந்தார். அம்மா தலையணையில் தலையைச் சாய்த்து மூச்சு விட்டாள்.

எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. எனக்குத் தெரியாது என்று அம்மா இன்னொரு முறை சொல்லிவிட்டாள். நான்கு நாள் ஆகியும் ஞாபகம் வரவில்லை. இனி யாராவது பக்கத்தில் போய் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. நைனாவைக் காணோம். வேறு யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கு வரைக்கும் நாலு பேர் நிற்கும் இடத்தில் நான் வாயைத் திறந்து பேசியது கிடையாது. எழுந்து நின்றேன். பன் தின்ற கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு அம்மாவின் தோளைத் தொட்டேன்.

“அம்மா, நான்தாம்மா” என்றேன். என் பெயரைச் சொன்னேன். மூன்றாவது, பி பிரிவு என்று சொன்னேன். அம்மா அசையவில்லை. இது போதாது என்று நினைத்து இன்னும் சொன்னேன். “நீதாம்மா என்ன கூட்டிக்கினு போன. கம்பிக்குள்ள தள்னல்ல? மோட்டார் ரூம்ல சாக்கு போட்டு குந்த வச்சியே. இட்லி குடுத்தியே. நான்தாம்மா அது. உன் பொண்ணும்மா.”

எவ்வளவு நேரம் அம்மா அப்படியே கிடந்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் கை மெல்ல மேலே வந்து என் முகத்தைத் தேடியது. கன்னத்தைத் தடவி, நெற்றியைத் தடவி, என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

“சாப்டியா கண்ணு?” என்றாள்.

“பன்னு சாப்ட்டேன்.”

“தனியாவா வந்த?”

“நைனாகூட.”

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு, அந்த இருவரும் நின்ற பக்கமாகத் திரும்பி, “ஆமா சார். எம் பொண்ணுதான்” என்றாள்.

மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். என் முகம் அம்மாவின் முகத்தை அச்சடித்த மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஆபீஸ்காரர் திரும்ப உட்கார்ந்தார். அவர் எதையும் கேட்பதற்கு முன்பே அம்மா, “அந்தப் பேப்பரக் குடுங்க” என்றாள்.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் கண் கட்டியிருந்ததால் மேஸ்திரி அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, தாளில் இடம் பார்த்து அழுத்தினார். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆபீஸ்காரர் போகும்போது என் கன்னத்தைத் தட்டி, “நல்லா படிக்கணும்” என்றார். நான் சரி என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா பதினைந்து வருடங்களுக்கு மேல் அதே வரிசையில் கோரை பிடுங்கினாள், கடைசிவரை தினக்கூலியாகவே. அத்தைக்கும் வேலை இருந்தது. பார்க்கிற முறை மட்டும் அம்மாவுக்குத் திரும்ப வரவில்லை. ஒரு கண் உள்ளவளை நம்பி மற்றவர்கள் தலையைக் கவிழ்க்க முடியாதல்லவா. அந்த ஆஸ்பத்திரி நாளைப் பற்றி அவள் என்னிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. போன வருடம் அவள் போகும்வரை நானும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்துவிட்டோம்.

நைனா மருந்துப் பையோடு திரும்பி வந்தபோது நான் கூடத்தின் வாசலுக்கே ஓடினேன். அவர் அம்மாவின் கட்டைவிரலில் இருந்த மையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, என்ன ஆனது என்று கேட்டார்.

“உன் தங்கச்சி வேல கீது. என் வேல கீது” என்றாள் அம்மா. “வுடு. போதும்.”

நைனா ஒன்றும் புரியாமல் அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு விவரம் தெரியவில்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் காதில் சொன்னேன்.

“அம்மா என்ன மறந்துட்டு இருந்துச்சு நைனா. நான்தான் எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். இப்ப தெரிஞ்சிடுச்சு.”

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தூக்கிக்கொள்வார் என்று நினைத்தேன்.